இடது பக்கம் இழுக்கிற கார்

அன்று மத்தியானம் கடையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் வீட்டுக்காரர். பாகாயத்திலிருந்து பஸ் ஏறி வந்த மெக்கானிக். பிரியாணிக் கடை போட இடம் தேடிக்கொண்டிருந்த மாஸ்டர், கையில் அளக்கிற டேப்போடு.

விளையாட வந்தவர் ஒருவரும் இல்லை.

அது வெள்ளிக்கிழமை. ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஷூ கம்பெனிகளுக்கு ஞாயிறு. எங்களுடையது வீடியோ கேம் கடை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, டேனரி ஆட்கள் பல் குத்திக்கொண்டே வந்துவிடுவார்கள். நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு மாஸ்டர் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு டேப்பை இழுத்தார். யார் காலிலும் படவில்லை.

"அண்டா இங்க வைக்கலாம்" என்றார்.

அவர் காட்டிய இடத்தில் எங்கள் கார் மிஷின் இருந்தது.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். உள்ளே வந்தேன். மறுபடியும் போனேன். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் கட்டடத்துக்காரர் வருவார். அப்போது வாசலில் பத்து ஜோடி செருப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் பேச்சு.

அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருந்தேன். இடது ஷூ, வலது ஷூ, ஒரே சைஸா, ஒரே நிறமா என்று பார்த்து ஜோடி சேர்த்து டப்பாவில் வைப்பது வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். பசை வாசனை நெஞ்சில் தங்கி இருமல் வந்தது. வேறு வேலை பாரம்மா என்றார் டாக்டர். இந்த ஊரில் வேறு வேலை என்றால் வேறு கம்பெனி. அங்கேயும் அதே பசை.

வீட்டுக்காரர் அதே கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது அவரையும் நிறுத்தினார்கள். கூட நின்றவர்கள் கையில் வந்ததை வைத்து ஆட்டோ வாங்கினார்கள். இவர் சென்னைக்குப் போய், யாரோ மூடிய கடையிலிருந்து பழைய வீடியோ கேம் மிஷின் எட்டு வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"இதுவும் மிஷின்தானே" என்றார்.

இடம் கட்டடத்துக்காரருடைய பழைய தோல் குடோன். தோலை உப்புப் போட்டு அடுக்கி வைத்திருந்த இடம். இன்றைக்கும் மழைக்காலத்தில் சுவரில் உப்பு பூக்கும். தரை ஈரமாகும். ஒருநாள் ஒருத்தர் டேனரித் தண்ணியில் நனைந்த செருப்போடு அப்படியே உள்ளே வந்து மிஷினைத் தொட்டு ஷாக் வாங்கினார். அன்றிலிருந்து தரையில் ரப்பர் பாய் போட்டோம். செருப்பை வெளியே விட வேண்டும் என்று சட்டம் வைத்தேன். கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். நான் போய் ஜோடி சேர்த்து அடுக்குவேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. கை சும்மா இருக்காது.

ஆரம்பத்தில் நன்றாக ஓடியது. எட்டு மிஷினும் ஓடியது. சண்டை போடுகிறது நாலு, சுடுகிறது மூன்று, கார் ஒன்று. அப்புறம் கையில் போன் வந்தது. நெட் மலிவானது. ஊரடங்கில் கதவையே திறக்கவில்லை. திறந்தபோது மூன்று மிஷின் எழுந்திருக்கவில்லை. டேனரிக் காற்றில் உள்ளே இருக்கிற செம்பு கறுத்துப்போகும். இந்த ஊரில் டிவி, ஃப்ரிட்ஜ் எதுவும் சொன்ன காலம் வரை ஓடாது. பிறகு இன்னொன்று போயிற்று. மிச்சம் நாலு.

மற்ற கடைகளையும் பார்த்திருக்கிறேன். மேல்விஷாரத்தில் ஒன்று இருந்தது, இப்போது ஜூஸ் கடை. வாணியம்பாடியில் ஒன்று, அங்கே போன் கவர் விற்கிறார்கள். மணிக்கணக்கில் டிவி முன்னால் உட்காரவைக்கிற கடைகள் நாலைந்து வந்தன, நாலைந்தும் போயின. வேலூரில் ஏசி போட்ட பெரிய இடம் ஒன்று இருக்கிறது. கார்டு தேய்த்தால்தான் மிஷின் ஓடும். ஒருநாள் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் ஸ்டீயரிங் பிடித்த மாதிரி உட்கார்ந்தன, அப்பா அம்மா போட்டோ எடுத்தார்கள், எழுந்து போய்விட்டார்கள்.

ஏன் சிலது மூடுகிறது, சிலது நிற்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேறு கணக்கு. அவர் கணக்கு, மிஷின் நன்றாக இருந்தால் ஆள் வரும். என் கணக்கு அது இல்லை. போனில் தோற்றால் யாருக்கும் தெரியாது. இங்கே தோற்றால் பின்னால் நிற்கிற நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு போனில் வராது. இதை வைத்து நாங்கள் சண்டை போட்டதில்லை. அவர் பேசமாட்டார். நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை.

கார் மிஷின் விஷயத்துக்கு வருகிறேன்.

எண்ணெய் விடாத மிஷினை என் வீட்டுக்காரர் நம்பமாட்டார். கம்பெனியில் தினம் காலையில் ஒவ்வொரு தையல் மிஷினுக்கும் சொட்டு விட்ட கை. கடைக்கு வந்த பிறகும் எண்ணெய் டப்பா இடுப்பில்தான். கதவுக் கீலுக்கு விடுவார், ஃபேனுக்கு விடுவார். ஒருநாள் கார் மிஷின் ஸ்டீயரிங் கிரீச்சென்றது. அதற்கும் விட்டார். சத்தம் போயிற்று. அடுத்த நாளிலிருந்து கார் இடது பக்கம் இழுத்தது. நேராகப் பிடித்தால் இடது சுவரில் போய் மோதும். நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலது பக்கமாகத் திருப்பி, கடைசி வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரிசெய்ய ஆள் கூப்பிட வசதியில்லை. விட்டுவிட்டோம்.

வருகிறவர்கள் பழகிக்கொண்டார்கள். அது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. புதிதாக வருகிறவனுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். மெதுவாக அவன் பின்னால் வந்து கூடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு நான் காயின் கொடுப்பேன். அவன் போடுவான். முதல் வளைவுக்கு முன்னாலேயே இடது சுவரில் மோதுவான். கடை மொத்தமும் கை தட்டும். அதோடு அவனும் எங்கள் கடை ஆள்தான். அவன் அடுத்த வாரம் இன்னொருத்தனைக் கூட்டிக்கொண்டு வருவான், அவன் மோதுவதைப் பார்க்க.

சாயங்காலத்தில் ஷூ கம்பெனிப் பெண்கள் வருவார்கள். முதலில் விளையாட வரவில்லை. அணைக்கட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் போகிற கம்பெனிப் பஸ் எங்கள் கடைக்கு எதிரில்தான் நிற்கும். எல்லா செக்ஷனும் வெளியே வரும் வரை பஸ் எடுக்கமாட்டார்கள். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். எங்கள் கடைக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது. பூட்டிச் சாவியை நான் வைத்திருப்பேன். ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள், கொடுத்தேன். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். சும்மா வந்து போவது கூச்சமாக இருந்தது போல. ஒரு காயின் வாங்கினார்கள்.

அவர்களில் ஸ்டிச்சிங்கில் இருக்கிற ஒரு பெண், கார் மிஷினில் உட்கார்ந்து இரண்டாவது ஆட்டத்திலேயே சுவரைத் தொடாமல் கடைசி வரை போனாள். டேனரி ஆள் ஒருத்தர் வாயைப் பிளந்தார்.

"எப்படிம்மா?"

"லெதர் இழுக்கும்ல, அதே மாதிரி பிடிச்சிக்கணும். நீங்க மோதுங்கண்ணா, நான் பாக்குறேன்" என்றாள்.

அந்த டேனரி ஆள் தோலுக்குக் குரோம் ஏற்றுகிற டிரம்மில் வேலை செய்கிறவர். நகமெல்லாம் நீலம். எங்கள் கடையில் அவருக்கு நீல நகக்காரர் என்றே பேர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் போட்டி. பேச்செல்லாம் மிஷின் முன்னால்தான். தெருவில் பார்த்தால் திரும்பிக்கொள்வார்கள்.

இப்படித்தான் நாலு மிஷினில் கடை நின்றுகொண்டிருந்தது. ஓடியது என்று சொல்ல முடியாது.

அந்த வெள்ளிக்கிழமைக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்னால் கட்டடத்துக்காரர் வந்தார். சின்னதாக ஒரு டேனரி வைத்திருப்பவர். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். எப்போதும் படிக்கு வெளியேதான் நிற்பார்.

"இன்னாப்பா, மாஸ்டர் ஒருத்தர் இடம் கேக்குறாரு. பிரியாணிக்கு. ஜாஸ்தி தர்றேங்குறாரு" என்றார் வீட்டுக்காரரிடம்.

"கடை ஓடுதே பாய்."

"எங்க ஓடுது? நான் போறப்ப வர்றப்ப பாக்குறேன். உன் சம்சாரம்தான் வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடுது."

"சாயங்காலம் ஆள் வர்றாங்க பாய்" என்றேன் நான்.

"வாயால சொல்லாத தங்கச்சி. தோல் விக்கிறவன் எப்பவும் நூறுன்னுதான் சொல்வான். நான் லாரியிலேர்ந்து இறக்கி எண்ணிட்டுத்தான் காசை எடுப்பேன்."

குனிந்து வாசலைப் பார்த்தார். அப்போது அங்கே மூன்று ஜோடி இருந்தது. நான் அடுக்கி வைத்தது.

"நல்லாத்தான் அடுக்குறே. வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மக்ரிப் தொழுதுட்டு வர்றேன். இங்க பத்து ஜோடி இருந்தா வச்சிக்கோங்க, நான் மாஸ்டருக்கு வேற இடம் சொல்றேன். இல்லன்னா சாவி. உங்க ரெண்டு பேர் செருப்பு சேத்தி இல்ல."

"பத்து எதுக்கு பாய்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஏன், ஒம்போதுக்கு முடிச்சிக்கலாமா? பேரம் பேசுறான் பாரு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் மோசமான ஆள் இல்லை. வாடகை இரண்டு மாதம் தள்ளினாலும் வாய் திறக்காதவர். ஆனால் சொன்னது சொன்னதுதான். தோல் வியாபாரத்தில் எழுத்து கம்மி, சொல்தான்.

எனக்கு அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. கடை போனால் நான் மறுபடியும் பேக்கிங் செக்ஷனுக்குப் போய் நிற்க வேண்டும். வேறு வழியில்லை. அவர், ஏதாவது கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். அவர் கேட்டில் உட்காருவார், நான் உள்ளே நிற்பேன். பசை வாசனை நினைத்தாலே இருமல் வந்தது.

அவர் தன் கணக்குப்படி போனார். மிஷினை எல்லாம் நன்றாக்கிவிட்டால் ஆள் வரும். பாகாயம் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். டிவி, யூபிஎஸ், இந்த மாதிரி மிஷின் எல்லாம் பார்க்கிறவர். செவ்வாய்க்கிழமை வந்தார். சண்டை மிஷின் பட்டன்களை மாற்றினார். பிறகு காரைத் திறந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பார்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பாக, தோல் தூசி ஒட்டி, களிம்பு மாதிரி இருந்தது.

"அண்ணே, இதுல யாருண்ணே எண்ணெய் ஊத்துனது?"

வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார்.

"இன்னா எண்ணெய்ணே இது?"

"மிஷின் எண்ணெய்."

"காருக்கு எதுக்குண்ணே தையல் மிஷின் எண்ணெய்?"

"சத்தம் போட்டுச்சு."

மெக்கானிக் புது பார்ட் போட்டார். பழையதைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கார் நேராகப் போயிற்று. ஒரு ஸ்கிரீன் மட்டும் பாக்கி, வெள்ளிக்கிழமை கொண்டுவந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு தெளிவு. அவரே உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடினார்.

புதன்கிழமை நீல நகக்காரர் வந்தார். உட்கார்ந்து, பழக்கத்தில் வலது பக்கமாகப் பிடித்தார். வலது சுவரில் மோதினார். பின்னால் நின்ற இரண்டு பேருக்குச் சிரிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த ஆட்டத்தில் புரிந்துகொண்டார். மூன்றாவதில் நேராகப் போய் முடித்துவிட்டார். எழுந்தார்.

"இன்னாக்கா, வண்டி செத்துப்போச்சு."

"ரிப்பேர் பண்ணியிருக்குது" என்றேன்.

"அதைத்தான் சொல்றேன்."

கையில் மிச்சம் இருந்த காயினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் காயினைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். ஸ்டிச்சிங் பெண் பாதி ஆட்டத்தில் கையை எடுத்துவிட்டாள். கார் அதுபாட்டுக்கு நேராகப் போனது.

"இது போன்ல இருக்குற மாதிரி இருக்குதுக்கா. பிடிக்கவே வேணாம்" என்றாள்.

சாவி வாங்கி, பின்னால் போய்விட்டு வந்து, பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஒரு காயினும் போகவில்லை. நான் வாசலில் அடுக்க ஒன்றும் இல்லாமல் எங்கள் இரண்டு பேர் செருப்பையே அடுக்கினேன்.

அன்று சோறு போடும்போது அவர் சொன்னார்.

"நல்லாத்தானே ஓடுது."

"அதான்" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். குழம்பு கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டார். காலமெல்லாம் மெக்கானிக்காக இருந்த இவரிடம் போய், மிஷினைக் கெடு என்று யார் சொல்வது?

இப்போது வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மெக்கானிக் ஸ்கிரீனைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அளந்ததைப் போனில் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாசலில் இருந்து வந்தேன்.

"பழசு இருக்குதாப்பா?"

"எதுக்கா?"

"காரோட பழைய பார்ட்டு."

"பையிலதான் இருக்குது. தூக்கிப் போடணும்."

"அதை மாட்டு."

மெக்கானிக் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அக்கா, ரிப்பேர் பண்ணுன்னு கேப்பாங்க. ரிப்பேரை எடுத்துடுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல."

"நான் கேக்குறேன்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மாஸ்டரும் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். வீட்டுக்காரர் கார் மிஷினுக்குப் பின்னால் போய் பிளக்கைப் பிடுங்கினார். வந்து மெக்கானிக் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டார்.

"குடு. நானே மாட்டுறேன்."

பேப்பரைப் பிரித்து, அந்தக் கறுப்பு பார்ட்டை மெக்கானிக் துணியால் துடைக்கப் போனார்.

"துடைக்காத" என்றேன்.

என் வீட்டுக்காரர் தரையில் படுத்து மாட்டினார். எழுந்து, பழக்கத்தில் இடுப்பு டப்பாவை எடுத்து ஒரு சொட்டு விட்டார். யாரும் தடுக்கவில்லை. மெக்கானிக் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிளக்கை மாட்டியதும் மிஷின் பாட்டுப் போட்டது. யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரிந்த மிஷின், அவர் ஆடினால் தெரியாது. மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை எப்படிம்மா ஆடுறது?"

"காயின் போட்டு உக்காருங்க மாஸ்டர். ஸ்டீயரிங் பிடிங்க. அவ்ளோதான்."

மாஸ்டர் சட்டையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்துக் காயின் வாங்கினார். டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் மெதுவாக அவர் பின்னால் போய் நின்றோம். கார் கிளம்பியது. முதல் வளைவு வருவதற்கு முன்னாலேயே இடது சுவரில் மோதியது.

மூன்று பேரும் கை தட்டினோம். என் வீட்டுக்காரர் கை தட்டி நான் அன்றுதான் பார்த்தேன்.

"இன்னாம்மா இது, ஒரு பக்கமா இழுக்குது" என்றார் மாஸ்டர்.

"பிடிச்சிக்கிட்டே ஓட்டணும்."

"அடுப்பும் இப்படித்தான். ஒரு பக்கமா எரியும், அண்டாவைத் திருப்பிக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லி இன்னொரு காயின் கேட்டார்.

எங்கள் கடையில் கை தட்டினால் ஒரே ஒரு அர்த்தம்தான். எதிர் டீக்கடையில் நின்றிருந்த நீல நகக்காரர் கிளாஸோடு வாசலுக்கு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மாஸ்டர் இரண்டாவது தடவை மோதினார். நீல நகக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"தள்ளு மாஸ்டர், தள்ளு. அக்கா, ஒரு காயின்."

வலது பக்கமாகப் பிடித்தார். கார் நேராகப் போனது. ஆடிக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டார்.

"டேய், வண்டிக்கு உயிர் வந்துடுச்சு. எங்கடா இருக்கே? வா. புதுசா ஒருத்தர் மோதிக்கிட்டு இருக்காரு, சீக்கிரம் வா."

மாஸ்டர் முறைத்தார். ஆனால் போகவில்லை. போனிலேயே எல்லாம் இருக்கிறது என்று சொல்லி வராமல் போனவர்களைப் போன்தான் கூப்பிட்டது. அதைப் பற்றி யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. ஒவ்வொருத்தராக வந்தார்கள். கழற்றி எறிந்தார்கள். நான் அடுக்கினேன். மெக்கானிக் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஷூவை மாட்டிக்கொண்டே, "யார்கிட்டயும் நான்தான் ரிப்பேர் பண்ணேன்னு சொல்லிடாதீங்கக்கா" என்றார்.

ஷூ கம்பெனி விட்டது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஸ்டிச்சிங் பெண் உள்ளே நுழையும்போதே சத்தத்தில் தெரிந்துகொண்டாள்.

"இழுக்குதாக்கா?"

"இழுக்குது."

அவள் போய் நீல நகக்காரர் முதுகில் தட்டாத குறையாக நின்றாள். "முடிச்சிட்டு எழுந்திருங்கண்ணா. உங்களுக்கு நேராப் போறதுதான் சரி. இது கஷ்டம்."

"நீ உக்காந்து பாரு, சுவர் உனக்காக வெயிட் பண்ணுது" என்றார் அவர்.

வாசலில் செருப்பு இரண்டு வரிசையாகி, மூன்றாவது வரிசை சாக்கடைப் பலகை வரை போயிற்று. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். டேனரி ஆட்களில் இரண்டு பேர் தொழப் போனார்கள். அவர்கள் செருப்பு போயிற்று. நான் வரிசையைப் பார்த்தேன். பரவாயில்லை. தொழுகை முடிந்திருக்கும் என்று நினைத்த நேரம் எதிரில் கம்பெனிப் பஸ் ஹார்ன் அடித்தது.

பெண்கள் ஓடினார்கள். கைக்கு வந்த செருப்பை மாட்டிக்கொண்டு, தேடிக்கொண்டு, உதைத்துக்கொண்டு ஓடினார்கள். நான் அடுக்கியது எல்லாம் கலைந்தது. உள்ளே ஸ்டிச்சிங் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசி வளைவில் இருந்தாள்.

"டிரைவரண்ணன்கிட்ட சொல்லுங்கடி. வர்றேன்னு."

அவள் தோழி ஒருத்தி பிரிய மனமில்லாமல் பக்கத்தில் நின்றாள். ஹார்ன் மறுபடியும் அடித்தது. பிறகு டிரைவரே இறங்கி வந்துவிட்டார். வாசலில் நின்று கத்தினார்.

"ஏம்மா, உனக்கு இன்னொரு பஸ் விடணுமா?"

"ஒரு நிமிசம்ணா."

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்று என் வாயில் தானாக வந்துவிட்டது. டிரைவர் என்னை முறைத்துவிட்டுக் கழற்றினார். உள்ளே போனார். போனவர் வரவில்லை. "இடது பக்கம் போகுதும்மா, பாத்து, பாத்து" என்ற அவர் குரல்தான் வந்தது.

நான் கலைந்ததை அடுக்கக் குனிந்தேன். முன்னால் ஒரு ஜோடிக் கால் வந்து நின்றது.

"தொடாத தங்கச்சி. இருக்குறபடி இருக்கட்டும்" என்றார் கட்டடத்துக்காரர்.

நிமிர்ந்தேன். வீட்டுக்காரர் வந்து என் பின்னால் நின்றார். கட்டடத்துக்காரர் உள்ளே பார்க்கவே இல்லை. உள்ளே அவ்வளவு சத்தம். தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். விரலை நீட்டி, தோல் எண்ணுகிற மாதிரி, உதட்டுக்குள் உருதுவில் எண்ணினார். ஏக், தோ, தீன் வரைக்கும் எனக்குக் கேட்டது.

நடுவில் நிறுத்தினார்.

"எல்லாம் ரப்பரு. இத்தனை ஷூ தைக்கிற ஊர்ல ஒன்னு கூட தோல் இல்ல."

பிறகு அவரே, "இது யாருது?" என்று ஒரு நல்ல ரப்பர் சாண்டலைக் காட்டினார்.

"மாஸ்டருது பாய்."

"எந்த மாஸ்டரு? நம்ம பிரியாணி மாஸ்டரா? அவரு இடம் பாக்கத்தானே வந்தாரு."

"நாலு காயின் வாங்கியிருக்காரு" என்றார் வீட்டுக்காரர்.

"உள்ளயா இருக்காரு?"

"அடுத்து மோத வரிசையில நிக்கிறாரு பாய்."

கட்டடத்துக்காரர் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா இல்லை என்கிறாரா என்று தெரியவில்லை. மறுபடியும் எண்ணத் தொடங்கினார். ஒற்றைச் செருப்பு ஒன்று சாக்கடை ஓரத்தில் கிடந்தது, பெண்கள் உதைத்தது. எனக்கு அதை எடுக்க வேண்டும் போலக் கை துடித்தது. எடுக்கவில்லை. அவரே அதைப் பார்த்தார். தன் காலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து, வரிசையில் ஜோடியில்லாமல் நின்ற ஒன்றின் பக்கத்தில் சேர்த்தார். ஒரே நிறம். ஒரே சைஸ்.

எண்ணி முடித்து நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு சரியில்ல. ஜோடி சேக்குறது உன் வேலைதானே. நீ சொல்லு, எவ்ளோ?"

எங்கள் இரண்டு பேருடையதை விட்டு நான் எண்ணி வைத்திருந்தேன்.

பதினொன்று.